காதில் ஒரு துளை, துளைமேல் ஒரு மேடு: கீலாய்டு தழும்புக்கு என்ன செய்யலாம்?

"ஆவணியில கல்யாணம் டாக்டரம்மா. அதுக்குள்ள இத வெட்டி எடுத்துடுங்க."

தோல்நோய்ப் புறநோயாளர் பிரிவில் இந்தச் சொற்களைப் பலமுறை கேட்டிருக்கிறோம். மாதத்தின் பெயர் மட்டும் மாறும். ஆவணி தையாகும், தை வைகாசியாகும். சொல்பவர் பெரும்பாலும் தாய். அருகில் பத்தொன்பது, இருபது வயது மகள் துப்பட்டாவால் ஒரு காதை மூடியபடி அமர்ந்திருப்பாள். துணியை விலக்கினால் காதுச்சோணையின் பின்புறம் சுண்டைக்காய் அளவில் ஒரு மேடு தெரியும். பளபளப்பாக, சற்றே சிவந்த கருநிறத்தில், தொட்டால் ரப்பரைப் போல் இருக்கும். கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் இரண்டாவது துளை குத்திக்கொண்டதாகவும், முதலில் மிளகளவே இருந்ததாகவும், வேறோர் ஊரில் அதை வெட்டி எடுத்ததாகவும், ஆறே மாதத்தில் முன்னிலும் பெரிதாக வளர்ந்துவிட்டதாகவும் தாய் கூறுவார்.

இங்கே வரும் தாயும் மகளும் ஒரு குடும்பத்தினர் அல்லர். பல குடும்பங்களில் கண்டவற்றை ஒன்றாக்கிச் சொல்கிறேன். ஆனால் அந்த வேண்டுகோளும், "இப்போது வெட்ட வேண்டாம்" என்று நாங்கள் அளிக்கும் விடையும், அதைக் கேட்டதும் தாயின் முகத்தில் தோன்றும் ஏமாற்றமும் உண்மையானவை. வெளியே இருபது பேர் காத்திருக்கும் வேளையில் அந்த விடையின் காரணத்தை முழுவதும் விளக்க இயலுவதில்லை. அந்தக் குறையை இங்கே ஓரளவு தீர்த்துக்கொள்ள முயல்கிறேன்.

நண்டுக் கொடுக்கு

இத்தகைய தழும்பு உள்ளவர்கள் வெட்டச் சொல்வதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேட்பார்கள். சிலர் கேட்கத் தயங்கி மனத்திலேயே வைத்திருப்பார்கள். "இது புற்றுநோயா?" அன்று. கீலாய்டு புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதாகக் கருதப்படுவதும் இல்லை. உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவாது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது.

இந்த ஐயம் புதியதும் அன்று. பாரிசு நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ழான் லூயி அலிபேர் என்னும் தோல் மருத்துவர் 1806-ஆம் ஆண்டில் இத்தழும்பை விவரித்தபோது, புற்றுநோயைப் போன்றது என்று பொருள்படும் ஒரு பெயரைத்தான் முதலில் இட்டார். பின்னர் அப்பெயர் மக்களை அச்சுறுத்திக் குழப்பும் என்றுணர்ந்து, நண்டின் கொடுக்கு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வேறு பெயர் அமைத்தார். அதுவே இன்றைய கீலாய்டு. கடற்கரையில் பிறந்த நமக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. காயம் இருந்த இடத்தோடு நில்லாமல், பக்கத்துத் தோலுக்குள் கொடுக்கை நீட்டிப் பற்றுவது போலவே இது வளர்கிறது. (பிரெஞ்சு மருத்துவர் வைத்த இப்பெயர் பிரெஞ்சுக் காரைக்காலுக்கு உடனே வந்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1739 முதல் 1954 வரை நீண்ட பிரெஞ்சு ஆட்சியின் இடையே ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த காலங்களுள் 1806-ஆம் ஆண்டும் அடங்கும்.)

காயத்தின் எல்லையைத் தாண்டுவது என்பதே கீலாய்டை இனங்காணும் முதல் அடையாளம். இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு தழும்பு உண்டு. அதுவும் மேடாக, சிவப்பாக, நமைச்சலுடன் இருக்கும். ஆனால் காயம் எவ்வளவு இடத்தில் இருந்ததோ அவ்வளவோடு நின்றுவிடும். காயமடைந்த சில வாரங்களிலேயே தோன்றி, ஓரிரு ஆண்டுகளில் தானாகவே தணிவதும் உண்டு. இதை மிகைத்தழும்பு எனலாம். அடுப்பங்கரைத் தீக்காயங்களுக்குப் பின் நாம் காண்பதில் பெரும்பகுதி இவ்வகையே. கீலாய்டோ, காயம் ஆறிச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும் வேளையில் எழும். தானாகத் தணிவது மிக அரிது. மிகைத்தழும்பு என்றால் பொறுத்திருங்கள் என்போம். கீலாய்டு என்றால் காலந்தாழ்த்தாதீர்கள் என்போம். எனவே முதலில் இது எது என்று மருத்துவர் பார்த்துச் சொல்வது இன்றியமையாதது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே கூறிவிடுகிறேன். காயமோ, பருவோ, ஊசியோ ஏதும் இல்லாத இடத்தில் தோன்றி மெல்ல வளர்ந்துகொண்டே போகும் கட்டி, புண்ணாகும் அல்லது இரத்தம் கசியும் கட்டி, சிகிச்சைக்குச் சிறிதும் அசையாத கட்டி ஆகியவற்றைக் கீலாய்டு என்று பெயரிட்டு விட்டுவிடக்கூடாது. தோலின் அடியில் தோன்றும் அரிய புற்றுக்கட்டி ஒன்று பார்வைக்குக் கீலாய்டைப் போலவே இருக்கும். அத்தகைய நிலையில் சிறு துண்டெடுத்துத் திசுப் பரிசோதனை செய்யுமாறு மருத்துவர் கூறினால் அஞ்சாமல் இணங்குங்கள்.

வெட்டினால் ஏன் மீண்டும் வளர்கிறது?

காயம் பட்டவுடன் உடல் அவ்விடத்தை மூட விரைகிறது. இரத்தம் உறைகிறது, வீக்கம் வருகிறது, பின்னர் நார்த்திசுவை நெய்யும் உயிரணுக்கள் வந்து கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் கொட்டி இடைவெளியை நிரப்புகின்றன. இறுதியாக, மிகுதியாகப் போட்ட நாரைக் கரைத்து ஒழுங்குபடுத்தும் பணி நடைபெறுகிறது. இப்பணி ஓராண்டு வரையிலும் அதற்கு மேலும் நீடிக்கும். கொத்தனார் சுவரெழுப்பி முடித்ததும் மிஞ்சிய செங்கல்லையும் கலவையையும் அப்புறப்படுத்திப் பூசி முடிப்பதைப் போன்றது இது. கீலாய்டில் "போதும், நிறுத்து" என்னும் கட்டளை அந்த உயிரணுக்களுக்கு எட்டுவதில்லை. சுவர் எழுந்த பின்னும் கல் வந்துகொண்டே இருக்கிறது.

அந்த மேட்டைக் கத்தியால் அகற்றினால் என்ன நிகழும்? அகற்றிய இடத்தில் முன்னதைவிடப் பெரிய புதிய காயம் உண்டாகிறது. அதே உடல், அதே உயிரணுக்கள், அதே கேட்காத காது. ஆகவேதான் வேறு எந்தத் துணைச் சிகிச்சையும் இன்றி வெறுமனே வெட்டி எடுக்கப்படும் கீலாய்டுகளில் 45 முதல் 100 விழுக்காடு வரை மீண்டும் வளர்வதாக மருத்துவ நூல்கள் பதிந்துள்ளன. ஏறத்தாழப் பாதிப் பேருக்காவது திரும்பி வரும், சில இடங்களில் எல்லோருக்குமே திரும்பி வரும் என்பது இதன் பொருள். மேற்சொன்ன மகளுக்கு ஆறு மாதத்தில் திரும்பி வந்ததில் அவள் பிழை எதுவும் இல்லை. கத்தரிக்காய் தின்றதாலோ, கருவாடு தின்றதாலோ வந்ததும் அன்று. இக்கடற்கரையில் மீன் உண்ணக் கூடாதென்று சொல்லி எத்தனை பிள்ளைகளைக் காய வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

யாருக்கு இது வருகிறது என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. கருநிறத் தோலுடையோர்க்கு வெண்ணிறத் தோலுடையோரைவிட மிகுதி. எனவே நம் மக்களிடையே இது அரிதன்று. பத்து முதல் முப்பது வயது வரையே மிகுதியாகத் தோன்றும் பருவம். தாய், தந்தை, உடன்பிறந்தாருள் எவருக்கேனும் இருந்தால் வாய்ப்பு கூடும். கருவுற்ற காலத்தில் சிலருக்குத் தழும்பு பெரிதாகும், நமைச்சல் கூடும்.

இடமும் கணக்கில் வரும். நெஞ்செலும்பின் மேல், தோள், மேல்முதுகு, தாடையோரம், காது ஆகியவையே இதற்கு விருப்பமான இடங்கள். நெஞ்சில் வருவது பெரும்பாலும் ஒரு சிறு பருவிலிருந்து தொடங்கும்; மார்புத்தசை இருபுறமும் இழுப்பதால் குறுக்குவாட்டில் நீண்டு வளரும். நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தையல் வழியே கயிறு போல எழுவதும் உண்டு. இடது தோளில் பிறந்தவுடன் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு சிலருக்குப் பிற்காலத்தில் இவ்வாறு மேடாகும். (அதற்காக அந்தத் தடுப்பூசியைத் தவிர்க்கலாமா என்று கேட்போர்க்கு: கூடாது. குழந்தைக்கு வரக்கூடிய மூளைக் காசநோயோடு ஒப்பிட்டால் இத்தழும்பு ஒரு பொருட்டே அன்று.) கண்ணிமை, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் கீலாய்டு வருவது மிக அரிது. தோல் இழுபடும் இடங்களில் வருகிறது என்றால் இழுபடாத காதுச்சோணையில் ஏன் வருகிறது என்று மாணவர்கள் எங்களிடம் கேட்பார்கள். நல்ல கேள்வி, துளையில் தொடர்ந்து தங்கும் காதணியின் எடை, உலோக ஒவ்வாமை, சீழ் ஆகியவை சுட்டிக்காட்டப்படுகின்றன.

மாசி முதல் ஆவணி வரை

மீண்டும் தாயிடமும் மகளிடமும் வருவோம். அவர்கள் வந்தது மாசியில். திருமணம் ஆவணியில். இடையில் ஆறு மாதம். சுண்டைக்காய் அளவுள்ள கீலாய்டுக்கு அந்த ஆறு மாதத்தில் செய்யத்தக்கது, மேட்டுக்குள்ளேயே நேரடியாகச் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி. டிரையம்சினோலோன் என்னும் இம்மருந்து உலகெங்கும் கீலாய்டுக்கு முதலில் கையாளப்படுவது. விலை மிகுந்ததும் அன்று. மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை, தழும்பின் தடிப்பைப் பொறுத்து மருத்துவர் அளவை முடிவு செய்வார். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும்.

"ஸ்டீராய்டா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மாத்திரையாக மாதக்கணக்கில் உட்கொள்வதற்கும், ஒரு சிறு மேட்டுக்குள் சில சொட்டுகள் செலுத்துவதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் சில செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி வலிக்கும். கீலாய்டு கெட்டியானது, முதல் ஊசியின்போது மருந்து உள்ளே நுழையவே மறுக்கும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கலந்தும், முன்னதாகப் பனிக்கட்டி வைத்தும் வலியைக் குறைப்போம். முதல் ஊசியே மிகவும் வலிப்பது. தழும்பு இளகத் தொடங்கிய பின் அடுத்தடுத்தவை எளிதாகும். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் ஊசியோடு நின்றுவிடுவார்கள் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

மருந்து பட்ட இடத்தில் தோல் மெலியலாம், குழி விழலாம், மெல்லிய இரத்த நாளங்கள் தெரியலாம். சுற்றியுள்ள தோல் வெளுக்கலாம். அது வெண்புள்ளி நோய் அன்று. பெரும்பாலும் சில மாதங்களில் நிறம் திரும்பும். பெண்களுக்கு மாதவிலக்கு முன்பின்னாகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறலாம். அவர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

பலன் எந்த வரிசையில் வரும் என்பதையும் அறிந்திருங்கள். முதலில் நமைச்சலும் குத்தலும் அடங்கும். பிறகு மேடு மென்மையாகும். அதன் பின்னரே தட்டையாகத் தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று தவறாமல் வந்தவர்களுக்கு, ஆனியில் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவையொட்டி ஐந்தாம் ஊசிக்கு வரும்போது, காதணி மாட்டும் அளவுக்கு அடங்கியிருப்பதைக் கண்டிருக்கிறோம். எல்லோருக்கும் அல்ல. ஆய்வுகளில் பலன் காண்போர் விகிதம் 50 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரையும், பலன் கண்ட பின் மீண்டும் வளர்வது 9 முதல் 50 விழுக்காடு வரையும் வேறுபடுகிறது. இவ்வளவு அகன்ற இடைவெளிக்குக் காரணம் தழும்பின் வயது, இடம், அளவு ஆகியவற்றோடு, நோயாளி எத்தனை ஊசிக்கு வந்தார் என்பதும் ஆகும். இரண்டாம் ஊசிக்குப் பின் நமைச்சல் நின்றதும் வருகையை நிறுத்திவிடுவதே இங்கே நாங்கள் காணும் பெருந்தடை. திருமலைராயன்பட்டினத்திலிருந்தோ திருநள்ளாற்றிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவோரின் இடர் எமக்குத் தெரியாததன்று. அடுத்த வருகை நாளை உங்கள் வேலைக்கு ஏற்ற கிழமையில் குறித்துத் தருமாறு செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஸ்டீராய்டு மட்டும் போதாத இடங்களில் அதனுடன் ஃபுளோரோயுராசில் என்னும் மருந்தைச் சேர்த்துச் செலுத்துவதுண்டு. சில இடங்களில் பிளியோமைசின். இவை இரண்டும் புற்றுநோய்க்கும் பயன்படுபவை என்பதால் மருந்துச்சீட்டைக் கூகுளில் தேடிப் பார்த்து அரண்டு வருவோர் உண்டு. இங்கே தரப்படும் அளவு மிகச் சிறியது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அடக்கும் அதே ஆற்றல் இங்கே நாரை நெய்யும் உயிரணுக்களின்மீது திருப்பப்படுகிறது. ஆனால் கருவுற்றவர்களுக்கும், கருத்தரிக்க முயல்வோர்க்கும் இவை கூடவே கூடாது. திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் பெண்ணுக்கு இதை அவளிடமே நேரில் சொல்ல விரும்புகிறோம். தாய்மார் சற்று நேரம் வெளியே இருக்க நேர்ந்தால் தவறாக எண்ண வேண்டாம்.

திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் ஒரு முறை. கழித்தல் 196 பாகை செல்சியசில் கொதிக்கும் அத்திரவம் தழும்பின் திசுவை உறைய வைத்து அழிக்கும். சிறிய கீலாய்டுகளுக்கு, ஊசிக்கு முன் இதைச் செய்தால் மேடு சற்றே ஊறி இளகி, மருந்தும் எளிதில் ஏறும். நம் போன்ற கருநிறத் தோலில் நெடுங்காலம் நீடிக்கும் வெண்மை உண்டாவதே இதன் குறை. முதுகில் என்றால் ஏற்கலாம். முகத்தோரம் என்றால் யோசிக்க வேண்டும். லேசர் பற்றியும் பலர் கேட்கின்றனர். சிவப்பையும் நமைச்சலையும் குறைப்பதில் அதற்கு இடமுண்டு. ஆனால் தடித்த கீலாய்டை லேசர் மட்டுமே கரைத்துவிடும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், மீண்டும் வளர்வது பற்றி அவரிடம் கேளுங்கள்.

தகடும் அழுத்தமும்

சிலிக்கான் தகடு அல்லது களிம்பு, வளர்ந்த கீலாய்டைக் கரைப்பதைவிட, புதிய தழும்பு மேடாகாமல் காப்பதில் பயன் மிகுந்தது. காயம் முழுதும் மூடிய பின்னரே தொடங்க வேண்டும். நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதமேனும் தொடர வேண்டும். இதை எழுதுவது எளிது. கடற்காற்றின் ஈரப்பதமும் வியர்வையும் உள்ள இவ்வூரில் சித்திரை, வைகாசியில் நெஞ்சில் ஒட்டிய தகடு ஒரு மணி நேரத்தில் கழன்றுவிடும் என்பதே உண்மை நிலை. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அத்தகையோர் பகலில் களிம்பும் இரவில் தகடும் பயன்படுத்தலாம். தகட்டை நாள்தோறும் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, அடியில் வியர்க்குரு வந்தால் ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள். பிரான்சில் உள்ள உறவினர் அனுப்பிய தழும்புக் களிம்புகளையும் பலர் கொண்டு வருகின்றனர். வெங்காயச் சாறு கலந்தவை அவற்றுள் மிகுதி. தீங்கில்லை, ஆனால் வளர்ந்த கீலாய்டுக்கு அவற்றால் பெரும்பயன் விளையும் என்பதற்கு வலுவான சான்றில்லை.

தீங்கு தருபவையும் உண்டு. மருவுக்குச் செய்வது போலச் சுண்ணாம்பு வைப்பது, எருக்கம்பால் தடவுவது, தலைமுடியால் இறுகக் கட்டி அறுப்பது ஆகிய மூன்றும் புதிய காயத்தையே உண்டாக்குகின்றன. கீலாய்டுக்கு அது வரவேற்பு மாலை.

காதுக்கு மட்டும் உரிய ஒரு நல்ல வழி, இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காதணி. துளையில்லாமல் இருபுறமும் கவ்வும் அது, அறுவைக்குப் பின் அல்லது ஊசிகளால் தட்டையான பின், மீண்டும் எழாமல் அழுத்தி வைக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, நாளின் பெரும்பகுதி அணிய வேண்டும். தோல் வெளுத்து மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. பரவலான தீக்காயத் தழும்புக்கு அளவெடுத்துத் தைத்த அழுத்த உடை தருவதும் இதே அடிப்படையில்தான்.

அறுவையும் கதிர்வீச்சும்

அப்படியானால் அறுவையே கூடாதா? அப்படியன்று. காதிலிருந்து தொங்கும் எலுமிச்சை அளவுக் கீலாய்டை ஊசியால் மட்டும் கரைக்க முயல்வது இரு தரப்புக்கும் துன்பம். சீழ் கோத்துத் துர்நாற்றம் வீசும் பெரிய தழும்பும், கழுத்தையோ மூட்டையோ அசையவிடாமல் இழுக்கும் தழும்பும் கத்திக்குரியவையே. ஆனால் அறுவை என்பது சிகிச்சையின் தொடக்கம், முடிவன்று. தையல் பிரித்த பின் மாதந்தோறும் ஊசி, அல்லது அழுத்தக் காதணி, அல்லது கதிர்வீச்சு இவற்றில் ஒன்றேனும் உறுதியாக இல்லாமல் கத்தி எடுப்பதில்லை என்பதை நோயாளிகள் ஒரு விதியாகவே கொள்ளலாம். அறுவை செய்ய ஒப்புக்கொள்ளும் மருத்துவரிடம், "அதன் பிறகு என்ன செய்வீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மீண்டும் மீண்டும் வளரும் பிடிவாதமான கீலாய்டுக்கு அறுவையும் அதையடுத்த கதிர்வீச்சும் வலுவான இணை. நார் நெய்யும் உயிரணுக்கள் பெருகத் தொடங்கும் முன்பே அவற்றைத் தடுப்பது இதன் நோக்கம். ஆகவே அறுவை முடிந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் முதல் கதிர்வீச்சைக் கொடுத்தாக வேண்டும். அதன்பின் அடுத்தடுத்த நாட்களில் சில தவணைகள். இவ்வாறு செய்தால் மீண்டும் வளர்வது ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

காரைக்கால் மக்கள் இங்கேதான் கணக்குப் போட வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் ஒட்டறுவைத் துறையும் கதிர்வீச்சுத் துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. அது இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இங்கே வெட்டிக்கொண்டு, அடுத்த வாரம் அங்கே போய்க் கதிர்வீச்சுக்கு வரிசையில் நிற்பது பயனற்றது, காலம் கடந்திருக்கும். இவ்வழியைத் தேர்ந்தால் அறுவையையும் அங்கேயே வைத்துக்கொண்டு, இரு துறைகளும் நாளை ஒத்திசைத்த பின்னரே கிளம்ப வேண்டும். அங்கே நான்கைந்து நாள் தங்கவும் ஏற்பாடு வேண்டும். பரிந்துரைக் கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம். கதிர்வீச்சால் பிற்காலத்தில் புற்றுநோய் வருமா என்னும் கேள்வி நியாயமானது. இங்கே தரப்படும் அளவில் அந்த வாய்ப்பு மிகச் சிறிது. முற்றிலும் இல்லை என்று கூற முடியாது. எனவே குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் தருவதில்லை. தைராய்டு, மார்பகம் ஆகியவற்றுக்கு அருகே மிகுந்த எச்சரிக்கையுடன் மட்டுமே தரப்படும்.

குத்துவதற்கு முன்

வராமல் காப்பது பற்றி ஒரு வியப்பான செய்தி. குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்தி ஆசாரி காது குத்தும் நம் பழைய வழக்கம் கீலாய்டைப் பொறுத்தவரை பாதுகாப்பானது. சிறு வயதில் குத்தும் துளைகளைவிட, பதினோரு வயதுக்குப் பின் குத்தும் துளைகளிலேயே கீலாய்டு மிகுதி. எங்களிடம் வரும் காதுகளும் இதையே காட்டுகின்றன. முதல் துளை நன்றாகவே இருக்கும். கல்லூரிப் பருவத்தில் ஆசைக்குக் குத்திய இரண்டாவது, மூன்றாவது துளையில்தான் மேடு. பாட்டிமார் காதின் மேல்விளிம்பில் கொப்பும் முருகும் அணியவில்லையா என்று பெண்கள் வாதிடுவார்கள். அணிந்தார்கள். அவர்களில் யார் யாருக்குக் கட்டி வந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. கடைகளில் துப்பாக்கி போன்ற கருவியால் குருத்தெலும்பில் குத்துவது, திசுவை நசுக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்க.

முன்பே ஒரு கீலாய்டு உள்ளவர்களுக்கும், பெற்றோருக்கு அது இருப்பவர்களுக்கும் கூடுதல் துளையும் பச்சை குத்துதலும் வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் இதைக் கேட்டு வருந்துவதுண்டு. நேர்த்திக்கடனை மாற்றிக்கொள்வது அவரவர் மனத்தையும் குடும்பப் பெரியோரையும் பொறுத்தது. தோலைப் பற்றி மட்டுமே எங்களால் சொல்ல இயலும். நெஞ்சிலும் முதுகிலும் பரு உள்ள இளைஞர்கள் அதைக் கிள்ளாமல் உடனே சிகிச்சை பெறுவது, பிற்காலத்தில் பெரிய தழும்பைத் தடுக்கும். தவிர்க்க முடியாத அறுவை ஏதேனும் வந்தால், "எனக்குக் கீலாய்டு வரும் உடம்பு" என்று அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே கூறிவிடுங்கள். தையலிடும் முறையையும், அதன்பின் தகடும் ஊசியும் தொடங்கும் நாளையும் அவர் அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

முதல் வருகைக்கு வரும்போது, முன்பு எங்கேனும் வெட்டியிருந்தால் அதன் சீட்டு, திசுப் பரிசோதனை முடிவு, உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், தழும்பு சிறிதாக இருந்தபோது எடுத்த புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கைப்பேசியில் உள்ள பழைய குடும்பப் படம் ஒன்றே போதும். எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை அது எங்களுக்குக் காட்டிவிடும். அதன்பின் ஒவ்வொரு ஊசிக்கும் முன் அதே கோணத்தில், அருகே ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது.

மாசியில் வந்த மகள் ஐந்தாம் ஊசியின்போது அப்படி எடுத்த ஐந்து படங்களையும் வரிசையாகத் தாயிடம் காட்டினாள். தாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இன்னும் ஒன்னு போடணுமா?" என்றார். திருமணத்துக்குப் பின்னும் இரண்டு போட வேண்டும் என்றோம்; ஓராண்டுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டவும் வேண்டும். புகுந்த வீடு நாகூர். அங்கிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் வர நெடுநேரம் ஆகாது என்று மகளே பதில் சொன்னாள்.